துரை வாங்காமல் போன கோல்

கொழும்பு
1932 ஜனவரி 19

அன்பு எலிசாவுக்கு ராஜையன் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, கரையிறங்கி உயிரோடு இருக்கிறேன். நீ சுகமா? பிள்ளை ராகேல் என்னைத் தேடுகிறாளா? உன் அண்ணன் ஞானசிங் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. கருங்கல் ஊர்க்காரர் சத்தியநேசன் என்று ஒரு தச்சர் இங்கே இருக்கிறார். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். அவர் அறையில்தான் எனக்கும் பாய் போட இடம்.

இனி அந்தக் கோல் விஷயம். கிரெய்க் துரை கேட்டாரே என்று ஆறு மாதம் உட்கார்ந்து செய்தேன். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடியதும் அவர் ஒரே வாரத்தில் சீமைக்கு மூட்டை கட்டிவிட்டார். கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். தோட்டத்துக் கிளப்பில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசையை நாகர்கோவில் வக்கீல் முத்துக்குமாரசாமி பிள்ளை ஏலத்தில் எடுத்து, நாலு வண்டி கட்டிக் கொண்டுபோனதாகக் கேள்வி. மேசை வாங்கியவருக்குப் பந்து தள்ளக் கோல் வேண்டாமா? நீ அவரிடம் போ. ஒரு கறவைப் பசுவின் விலை கேள். அதற்குக் கீழே இறங்காதே. கைப்பிடி ஈட்டி மரம், அதில் கருங்காலியைக் கூராக இழைத்திருக்கிறேன். முன்பாதி துரையின் உடைந்த படகுத் துடுப்பிலிருந்து அறுத்த சீமை மரம். நம் மலையில் அது கிடையாது. இதையெல்லாம் சொல்.

கோலைச் சுவரில் சாய்த்து வைக்காதே, வளைந்துவிடும். உத்தரத்தில் நூல் கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடு. அது விற்றால் உன் அண்ணன் வீட்டு ஓலைச் சாய்ப்பிலிருந்து வெளியேறி, ஒரு சின்ன வாடகை வீடு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள். நான் வந்துவிடுவேன்.

ராகேலுக்கு என் முத்தம்.
ராஜையன்

*

தக்கலை
1932 பிப்ரவரி 16

என் மதிப்பிற்குரிய அத்தானுக்கு எலிசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கண்டு நானும் பிள்ளையும் தேறினோம். தேவன் உங்களை அங்கே காப்பாராக. இங்கே அண்ணனும் மதினியும் சுகம். ராகேல் தினமும் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொழும்பிலிருந்து பஸ் வராது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

வக்கீல் வீட்டுக்குப் போனேன். கோலைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துப் போனேன். பஸ்ஸில் அதை நிறுத்தவும் முடியவில்லை, படுக்க வைக்கவும் முடியவில்லை. கண்டக்டர் "என்ன கம்பு இது? பாம்படிக்கவா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வக்கீல் வீட்டு முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் நல்லவர், மோர் கொடுத்தனுப்பினார். பிறகு வக்கீல் வந்தார். கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது அத்தான், நான் பார்த்தேன். "இது எந்தக் கெம்பெனி சரக்கு?" என்றார்.

"கெம்பெனி இல்ல. எங்க வீட்டுக்காரரு செஞ்சது" என்றேன்.

அவ்வளவுதான். முகம் மாறிவிட்டது. "நாட்டுச் சரக்கா? பாக்க லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா நாலு பேரு வந்து வெளையாடுத இடத்துல முத்திரை இல்லாத கம்பை எப்பிடி வைக்க?" என்று சொல்லி வேலைக்காரர் கையில் கொடுத்துவிட்டார். பசு விலையை நான் சொல்லவே இல்லை.

நான் பின்னும் லேஸுக்கும் முன்புபோல் கேட்பார் இல்லை. சீமையில் யாரும் வாங்குவதில்லையாம். மதினி சோறு போடுகிறாள், குறை சொல்லக் கூடாது. ஆனால் ராகேல் இரண்டாம் முறை கேட்டால் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

கோலை உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எலிசா

*

கொழும்பு
1932 மார்ச் 6

அன்புள்ள எலிசா,

நான் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தைச் சத்தியநேசன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். பாம்படிக்கும் இடம் வந்ததும் சிரித்தார், வக்கீல் பேச்சு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. முத்திரை வேண்டுமாமா? ஒரு ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஏதாவது இங்கிலீஷ் பேரைச் சுட்டு வைத்திருந்தால் வாங்கியிருப்பார். நான் செய்ய மாட்டேன். நீயும் செய்துவிடாதே.

அடுத்த முறை யாரிடம் போனாலும் கோலை மேசைமேல் வைத்து உருட்டச் சொல். வளைந்த கோல் தத்தித் தத்தி உருளும். இது தண்ணீர் ஓடுகிற மாதிரி போகும். முற்றத்தில் நின்று கெஞ்சாதே. பிச்சைக்குப் போகவில்லை நாம்.

கீரிப்பாறைக்கு மேலே இன்னொரு தோட்டம் மூடாமல் இருக்கிறது, அங்கே ஒரு சின்ன துரை உண்டு. கிரெய்க் துரையோடு ஆட வருவார். இந்தக் கோல் பாதியில் இருக்கும்போதே கையில் எடுத்துப் பார்த்தவர். போய்க் கேட்டுப் பார்.

இங்கே மின்சாரத்தில் ஓடும் வட்ட வாள் ஒன்று வைத்திருக்கிறார்கள். நம்மூரில் இரண்டு ஆள் பகல் முழுக்க அறுப்பதை அது ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் அறுத்துத் தள்ளிவிடும். அதில் நிற்கிறவர்களுக்குக் கூலி கூடுதல். நானும் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் மாசா மாசம் மணியார்டர் வரும், உன் மதினி அகப்பையைக் கீழே வைக்க வேண்டியிருக்காது.

உன் அண்ணனிடம் கோபம் காட்டாதே. ராகேலை அடிக்காதே.

என்றும் உன்
ராஜையன்

*

தக்கலை
1932 ஏப்ரல் 11

அத்தானுக்கு எலிசா எழுதுவது. நீங்கள் நலமென்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் சொன்னபடி மலைக்குப் போனேன். பூதப்பாண்டி வரை பஸ், அப்புறம் நடை. ராகேலை மதினியிடம் விட மனமில்லாமல் கூட்டிப் போனேன். பாதி வழியில் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் கோல் என்று சுமந்தேன். மூடிய தோட்டத்தில் நம் பழைய லைன் வீடுகளில் ஆள் இல்லை. நீங்கள் செய்து போட்ட கதவைக்கூட யாரோ கழற்றிப் போய்விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டதால் அன்று அங்கேயே தங்கினோம்.

மறுநாள் அந்தச் சின்ன துரையைப் பார்த்தேன். சேலையைப் பிரித்துக் கோலைக் கொடுத்தேன். அவர் அதைத் துப்பாக்கிபோலத் தோளில் வைத்துத் தன் நாயைக் குறிபார்த்துச் சிரித்தார். உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பட்லரிடம் கேட்டேன். பட்லர் சொன்னார்: "ஏம்மா, அவருக்க சம்பளத்தையே பாதியாக் கொறச்சாச்சு. தோட்டம் ஓணத்துக்கு இருக்குமாண்ணு தெரியல்ல. இதுல கம்பு வாங்கவா போறாரு?" போகும்போது ரொட்டி கொடுத்தார். வாங்கக் கூடாதென்று நினைத்தேன். பிள்ளை கையை நீட்டிவிட்டாள்.

வந்த நான்காம் நாள் ராகேலுக்குக் காய்ச்சல். குளிர் வந்து பல் கிட்டித்துக்கொள்கிறது. மலைக்காய்ச்சல் என்கிறார்கள். கொய்னா மருந்து கொடுக்கிறேன். நான்தானே அவளை அந்த லைன் வீட்டில் படுக்க வைத்தேன்.

"காய்ச்சல்காரப் பிள்ளய என் பிள்ளைகளுக்குப் பக்கத்துல விடாத" என்று மதினி சொன்னாள். அண்ணன் கேட்டும் கேளாதவர்போல் சந்தைக்குப் போய்விட்டார்.

வாளில் வேலை கிடைத்ததா? ஏதாவது அனுப்ப முடிந்தால் உடனே அனுப்புங்கள். முடியாவிட்டாலும் இரண்டு வரி எழுதுங்கள்.

எலிசா

*

நெய்யூர்
1932 மே 20

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா? இதை எழுதும்போதே நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கடல் தாண்டி வரும் தபால், தாமதமாகும் என்று நம் சபை உபதேசியார் சொல்கிறார். ஜனவரியில் ஒன்பது நாளில் வந்ததே.

ராகேல் மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நல்லபடியாகப் பார்க்கிறார்கள். எலும்பும் தோலுமாகிவிட்டாள், ஆனால் நேற்று கஞ்சி கேட்டாள். பகலில் அவளோடு இருக்கிறேன், வார்டு துணிகளைத் தைத்துக் கொடுக்கிறேன். அதனால் எனக்கும் சாப்பாடு ஆகிறது.

இனிமேல் கடிதத்தை அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். தக்கலை உபதேசியார் பேருக்கு அனுப்புங்கள். காரணம் ஒன்றுமில்லை. கோலும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, தொங்கவிட்டுத்தான்.

உபதேசியாரின் சம்பந்தி ஒருவர் திருவனந்தபுரத்தில், உத்தியோகஸ்தர்கள் கூடும் ஒரு கிளப்பில் மார்க்கராக இருக்கிறாராம். பந்தாட்ட மேசையைப் பராமரித்து, எண்ணிக்கை சொல்லி, ஆள் இல்லாதபோது கூட நின்று ஆடுகிறவர். பெயர் குமாரதாஸ். பிள்ளை எழுந்து நடந்ததும் அவரைப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

அத்தான், என்மேல் கோபமா? பிள்ளையை மலைக்குக் கூட்டிப் போனதற்காகவா? திட்டியாவது எழுதுங்கள்.

எலிசா

*

கொழும்பு
1932 ஜூன் 14

அன்பு மனைவி எலிசாபாய்க்கு ஆசீர்வாதம்.

தேவகிருபையை முன்னிட்டு நான் இவ்விடம் பூரண சுகமாயிருக்கிறேன். அவ்விடத்து நலத்துக்கு எழுத வேண்டியது. வேலை மிகுதியினால் கடிதம் எழுதக் கூடாமற்போயிற்று. மகள் ராகேல் நோயினின்று தேறிவருவது கேட்டு ஆண்டவரை ஸ்தோத்திரித்தேன். உன்பேரில் எனக்கு யாதொரு கோபமும் இல்லை.

உபதேசியார் பேருக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். அதைப் பிள்ளையின் வைத்தியத்துக்கும் உன் ஆகாரத்துக்கும் செலவிட வேண்டியது. அடுத்த மாதம் அனுப்பக் கூடுமோ என்று சொல்வதற்கில்லை.

கோலை யார் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டியது. விலைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு
ராஜையன்

*

தக்கலை
1932 ஜூலை 18

என் அருமை அத்தானுக்கு எலிசா ஆயிரம் வணக்கம் செய்து எழுதுவது. நாங்கள் சுகம். ராகேல் நடக்கிறாள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. கண்ணாடியைப் பார்த்து, "இது யாரு பையன்?" என்று கேட்கிறாள்.

பணம் வந்தது. கடிதமும் வந்தது. கடிதத்தில் எழுத்து உங்களுடையது அல்ல. எலிசாபாய் என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. வேலை அதிகம், கை ஓய்ந்துபோய்ச் சத்தியநேசன் அண்ணனை எழுதச் சொல்லியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டேன். அது இருக்கட்டும். இப்போது நான் சொல்லப் போவதைக் கேளுங்கள்.

திருவனந்தபுரம் போனேன். குமாரதாஸ் அண்ணன் கிளப்பின் பின்வாசல் வழியாக என்னை உள்ளே விட்டார். ஆள் வராத காலை நேரம். அவர் கோலை வாங்கினார். மேசைமேல் வைத்து உருட்டினார். நான் சொல்லவே இல்லை, அவராகவே உருட்டினார். தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் போயிற்று. பிறகு குனிந்து ஒரு பந்தை அடித்தார். அந்தச் சத்தத்தை நான் முதல்முறை கேட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது ஆரு செஞ்சது, தங்கச்சி?" என்றார்.

அப்போது ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் உள்ளே வந்தார். தினமும் காலையில் தனியாக ஆடிப் பழகுகிறவராம், கிளப் நிர்வாகத்தில் முக்கியமானவர். அவரும் ஆடிப் பார்த்தார். நேரம் போவது தெரியாமல் ஆடினார். "இதச் செஞ்ச ஆளு எனக்கு வேணும்" என்றார். கிளப்பில் இருக்கும் கோல்களெல்லாம் கடல்காற்றில் வளைந்து கிடக்கின்றனவாம். சீமையிலிருந்து புதிதாக வரவழைக்க இப்போது வசதியில்லையாம். செய்தவர் வந்தால் ஒரு செட் கோல் செய்யும் வேலை, அப்புறம் கிளப்பின் மேசை நாற்காலி எல்லாம் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலை, தோட்டத்துப் பக்கம் குடியிருக்க ஒரு அறை.

அத்தான், இந்தக் கோலை அப்போதே விலைக்குக் கேட்டார். பசு விலையை நான் வாய் திறந்து சொன்னேன். சரி என்றார். நான் கொடுக்கவில்லை. பைத்தியம் என்று நினைக்காதீர்கள். கொடுத்துவிட்டால் கோல் கிடைத்த திருப்தியில் ஆளை மறந்துவிடுவார்களோ என்று பயந்தேன். "செஞ்சவரே வந்து தன் கையால தருவாரு" என்று சொல்லிவிட்டேன். இன்ஜினீயர் சிரித்து, "கொள்ளாம், நல்லாயிருக்கு. ஓணத்துக்கு முன்னாடி வரச் சொல்லு" என்றார்.

நாகர்கோவில் முற்றத்தில் நின்றதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. வந்துவிடுங்கள். கப்பல் கூலிக்கு அங்கே கடன் கேளுங்கள், வந்ததும் அடைப்போம். கடிதம் கண்ட நாளே புறப்படுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
எலிசா

*

கொழும்பு
1932 ஆகஸ்ட் 9

அன்பு மனைவிக்கு ஆசீர்வாதம்.

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

நீ எழுதின காரியம் அறிந்தேன். நான் இப்போது வருவதற்கில்லை. பட்டறையில் என்னைப் பொறுப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள். விட்டுவர இயலாது. தவிரவும் திருவனந்தபுரத்து வேலை எனக்குப் பிரியமில்லை.

கேட்ட விலைக்குக் கோலைக் கொடுக்காதது உன் பிசகு. உடனே போய்க் கொடுத்துவிடு. வேறு தச்சனைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிடு. அந்தக் கோலைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராஜையன்

*

தக்கலை
1932 ஆகஸ்ட் 24

கொழும்பில் இருக்கும் ராஜையன் அவர்களுக்கு எலிசா எழுதுவது.

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. பொறுப்பான இடத்தில் இருப்பவர் சுகமாகத்தான் இருப்பார்.

கல்யாணம் முடிந்து மறுநாள் உங்கள் இழைப்புளியைத் தொட்டதற்கு என்னோடு ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்தீர்கள். அந்த மனிதருக்குத் தச்சு வேலையில் பிரியமில்லையாம். யாரிடம் சொல்கிறீர்கள்?

சபையில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "கொழும்புக்குப் போனவனுக்கு அங்க ஒரு வீடு ஆகியிருக்கும்" என்கிறார்கள். என் மதினி அதை என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் அவளிடம், "எங்க வீட்டுக்காரரு அப்பிடியில்ல" என்றேன். சொல்லிவிட்டு வந்து உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். வாசித்தால் அவள் சொன்னதுதான் சரிபோல இருக்கிறது. அப்படியானால் அதையாவது சொல்லுங்கள். தாங்கிக்கொள்கிறேன். எனக்கு லேஸ் ஊசி இருக்கிறது, பிள்ளையை வளர்த்துவிடுவேன். இப்படித் தெரியாமல் கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கோலை வெட்டுக்கத்தியோடு முற்றத்துக்கு எடுத்துப் போய்விட்டேன். உபதேசியார் மனைவி பிடுங்கிக்கொண்டார்.

அவருக்காகக் கடிதம் எழுதும் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் கருங்கல்லில் கடிதத்துக்குத்தானே காத்திருப்பார்கள்? அவர் சொல்லச் சொன்னதை எழுதினீர்கள். நீங்கள் கண்ணால் பார்ப்பதை ஒரு தடவை எழுதுங்கள்.

எலிசா

*

கொழும்பு
1932 செப்டம்பர் 8

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கை எலிசாபாய்க்கு சத்தியநேசன் எழுதிக்கொள்வது. நீங்களும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ராஜையன் அறியாமல் இதை எழுதுகிறேன். அவர் அறிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார். இப்போதெல்லாம் அவர் கடிதங்களைக் கையில் எடுப்பதில்லை, நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கென்று எழுதிய இடத்தை மட்டும் வாசிக்கவில்லை. ஆனாலும் அன்று முழுவதும் அது என்னைத் தின்றுவிட்டது.

தங்கச்சி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு இங்கே வேறு வீடும் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் அந்த வட்ட வாளில் அவருடைய வலக்கை போய்விட்டது. பெருவிரலும் பாதி உள்ளங்கையும் மிச்சம், மற்ற நாலு விரலும் இல்லை. வாளில் நிற்கத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பலகையில் ஒரு கணு இருந்தது, அது தெறித்துப் பலகை திரும்பிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்ற உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்தேன். அனுப்பிய பணம் பட்டறைக்காரர் கைக்காகக் கொடுத்தது. ராஜையன் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது பட்டறை வாசலில் காவலுக்கு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். அதுதான் அவர் சொன்ன பொறுப்பான இடம். எவ்வளவு நாளைக்கு வைப்பார்களோ.

திருவனந்தபுரத்துக் கடிதம் வந்த அன்று முதலில் சிரித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். குமாரதாஸ் கோலை உருட்டின இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவர், இரண்டு நாள் சாப்பிடவில்லை. "உண்மையை எழுதுவோம் தம்பி" என்று நான் சொன்னேன். "அண்ணே, அவ இப்பத்தான் ஒருதரம் சந்தோஷமா எழுதியிருக்கா. அவளுக்கு நான் என்ன எழுத? கையில்லாத தச்சன் வந்து உனக்க கையால சோறு வாங்கித் திங்கப் போறேன்ணா?" என்றார்.

தங்கச்சி, வேலை முடிந்ததும் அவர் தனியாகக் கடற்கரைக்குப் போகிறார். நான் பின்னாலேயே போகிறேன். எப்போதும் போக என்னால் முடியாது. அவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் பொய் எழுதினதை மன்னியுங்கள்.

உங்கள் சகோதரன்
சத்தியநேசன்

*

தக்கலை
1932 செப்டம்பர் 30

என் அத்தானுக்கு,

சத்தியநேசன் அண்ணனைக் கோபிக்கக் கூடாது. கோபித்தால் என்னைக் கோபித்த மாதிரி.

கடிதத்தை உபதேசியார் வீட்டுக் கிணற்றடியில் வைத்து வாசித்தேன். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. ராகேல் வந்து, "அம்மா, தண்ணி கோரலியா?" என்றாள். எழுந்து கோரினேன். உங்களைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் நினைத்து என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். நேரில் சொல்லுங்கள்.

நானும் மறைத்தேன். ஏப்ரல் கடைசியில் மதினி பிள்ளையையும் என்னையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலும், பிறகு கோயில் பள்ளிக்கூடத்திலும் இருந்தோம். தூரத்தில் இருப்பவருக்கு ஏன் பாரம் என்று எழுதவில்லை. நீங்கள் செய்ததும் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

திருவனந்தபுரம் போனேன். ஓணம் கழிந்துவிட்டது. இன்ஜினீயரிடம் உள்ளதைச் சொன்னேன். செய்தவருக்குக் கை போயிற்று, இனி வர மாட்டார், கோலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "கஷ்டமாப் போச்சு" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் முதலில் சொன்ன விலையைச் சொல்லவில்லை, குறைத்துச் சொன்னார். வேறு யாரையோ வைத்துப் பழைய கோல்களைச் செப்பனிடுகிறார்களாம். நான் வாதாடவில்லை. கொடுத்துவிட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். ஒரு பந்து, இரண்டு பந்து. அதற்குள் நான் அங்கே நிற்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அழக் கூடாதென்று மேசையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து விழும் ஆறு குழிகளின் கீழேயும் நூல் வலை கட்டியிருக்கிறது. நாலு வலை பிய்ந்து, சாக்குத்துணி வைத்துத் தைத்திருந்தார்கள். குமாரதாஸ் அண்ணனிடம், "இத நான் பின்னித் தாறேன்" என்றேன். "இதுவும் சீமையிலேந்துதான் வரணும், தங்கச்சி. ஒனக்குத் தெரியுமா?" என்றார். வாசலில் உட்கார்ந்து, கிழிந்த ஒன்றைப் பார்த்துப் பின்னினேன். முதலாவது சரியாக வரவில்லை, பிரித்தேன். இரண்டாவதைப் பந்தைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். ஆறும் பின்னச் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு கிளப் மார்க்கர்களிடம் சொல்வதாகச் சொன்னார். இதனால் நாம் பிழைத்துவிடுவோம் என்று சொல்ல மாட்டேன். வலை எத்தனை தரம் கிழியும்? இந்த மாதத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

கோல் விற்றதில் உங்கள் கப்பல் கூலியைச் சத்தியநேசன் அண்ணன் பேருக்கு அனுப்பிவிட்டேன். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது.

என் கையால் சோறு வாங்கித் தின்ன வேண்டுமா என்று கேட்டீர்களாம். ஆமாம், வேண்டும். ஆஸ்பத்திரியில் ராகேலுக்கு ஊட்டினேன், அவள் வெட்கப்படவில்லை. உங்களுக்கு அப்படி என்ன பெரிய வெட்கம்? கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், தட்டைத் தள்ளுங்கள், ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருங்கள். ஆனால் நான் பெருக்கும் வீட்டில், நான் பார்க்கும் சுவராக இருக்கட்டும் அது. அந்தக் கடற்கரைக்கு இனிப் போகாதீர்கள். என் தலைமேல் ஆணை.

எலிசா

*

கொழும்பு
1932 அக்டோபர் 17

எலிசா

இது என் இடக்கை. இரண்டு நாளாக எழுதுகிறேன். அண்ணன் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சுகம் விசாரிக்க இடம் போதாது.

ஆணையிட்ட பிறகு போகவில்லை.

நவம்பர் 3 வியாழன் காலை தூத்துக்குடியில் இறங்குவேன். நீ வா. ராகேலையும் கூட்டி வா. கையைப் பற்றி அவளிடம் முன்னாலேயே சொல்லிவை. நான் துணி சுற்றிக்கொண்டு வருவேன்.

இறங்கும்போது என் முகத்தைப் பார். மற்றதை வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

ராஜையன்